சண்டைப் படமும் வேதபாடமும்: எங்கே ஒட்டுது, எங்கே பிய்யுது

தர்மபுரி, ஞாயிறு பள்ளி
14 வயசுக்கு மேலே உள்ள வகுப்புக்குச் சண்டைப் படக் காட்சி வைத்துப் பாடம் எடுக்கிறவர்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம்ம இரண்டு மாவட்டத்திலும் நிறைய பேர். "ஹீரோ உயிரைக் கொடுத்தார், இயேசுவும் அப்படித்தான்" என்று முடித்துவிட்டால் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும்போது மனசில் படம்தான் இருக்கும். எந்தக் காட்சி, எந்த வசனம், எத்தனை நிமிஷம், எங்கே சொதப்பும், அதை மட்டும் எழுதுங்க. சாட்சியும் சொந்தக் கதையும் இன்னொரு நாளைக்கு.

நான் முதல்ல வரிசையைச் சொல்லிடறேன். வேதபகுதி, காட்சி, மறுபடி அதே வேதபகுதி. காட்சியை முதலில் போட்டால் பின்னணி இசை காதிலேயே நிற்கும். அப்புறம் லூக்காவை வாசித்தால் சப்பென்று இருக்கும். 45 நிமிஷத்தில் வாசிப்புக்கு 8, காட்சிக்கு அதிகபட்சம் 4. மிச்சமெல்லாம் பேச்சு. கேள்வி ஒன்றே ஒன்று: இந்தக் கதை வேதத்தை விட்டு எந்த இடத்தில் பிரியுது? ஒற்றுமையைப் பிள்ளைகள் தானாகவே கண்டுபிடிச்சிடும். அந்தப் பிரிவைத்தான் நாம் காட்ட வேண்டியிருக்கு.

ஓசூர், இளைஞர் குழு
எங்க பக்கம் 'கைதி' (2019) நன்றாக எடுபடுது. பாட்டு கிடையாது, ஒரே ராத்திரியில் முடியுற கதை. பத்து வருஷம் ஜெயிலில் இருந்துவிட்டு, பார்த்தே இராத மகளைப் பார்க்கப் போகிற ஒருவன், மயங்கிக் கிடக்கிற போலீஸ்காரர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறான். இதுக்கு லூக்கா 10:25–37ஐ விடப் பொருத்தமான பகுதி கிடைக்காது: கள்ளர் அடித்துப் போட்டவனை வழியில் வந்த சமாரியன் தூக்கிக்கொண்டு போற உவமை. யூதனுக்குச் சமாரியன் ஆகாது; இங்கே போலீசுக்குக் கைதி ஆகாது. ஆகாதவன்தான் சுமக்கிறான்.

போர்டில் நடுவில் கோடு போட்டு இரண்டு பத்தி. இடது பக்கம் சமாரியன்: எண்ணெய், திராட்சரசம், சொந்த மிருகம், சத்திரம், இரண்டு பணம், "திரும்பி வரும்போது தருவேன்" என்ற வாக்கு. வலது பக்கத்தைப் பிள்ளைகள் நிரப்பட்டும். லாரி, ஸ்டியரிங், ஆஸ்பத்திரி வரைக்கும் எழுதுவாங்க. அப்புறம் பேனா நின்னுடும். அந்த இடத்தில்தான் கேட்கணும்: அந்தக் கைதி டில்லி ஏன் வண்டியில் ஏறினான்? அதிகாரி நெருக்குகிறார், மகளைப் பார்க்கணும் என்றால் வேறு வழியில்லை. சமாரியனை யாரும் நெருக்கவில்லை. 33ஆம் வசனத்தில் "மனதுருகி" என்று ஒரே சொல், அதிலிருந்துதான் எல்லாமே ஆரம்பம். இரண்டாவது பிரிவு, டில்லி வழியெல்லாம் அடித்து நொறுக்கிக்கொண்டு போகிறான். சமாரியன் கள்ளர்களைத் தேடிப் போகவே இல்லை. பசங்களுக்கு இது பிடிக்காது. "அப்போ அந்தக் கள்ளனுங்க தப்பிச்சுட்டாங்களா?" என்று கேட்பாங்க. கேட்கட்டும், உவமை அதுக்குப் பதில் சொல்லாமலே முடியுது என்பதை மறைக்க வேண்டாம்.

உவமையில் வர்ற சாலையை விளக்க வரைபடம் எல்லாம் வேண்டாம். எருசலேமிலிருந்து எரிகோவுக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் இறக்கம். தொப்பூர் கணவாய் என்று சொன்னால் போதும், லாரி பிரேக் வாசனை வரைக்கும் பிள்ளைகளுக்கே தெரியும்.

கிருஷ்ணகிரி, செவிலியர்
தொப்பூர் என்று எழுதினதால் சொல்றேன் பிரதர். இந்தப் பாடத்தை "நாமும் உதவணும்" என்று காற்றில் விட்டுடாதீங்க. 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம்ம இரண்டு மாவட்டத்தையும் வகுந்துகொண்டு போகுது, விபத்தை எல்லாருமே பார்க்கிறாங்க. கடைசிப் பத்து நிமிஷத்தில் இதைச் சொல்லிக் கொடுங்க: முதலில் 108. பின்னால் வர்ற வண்டிக்குத் தெரியுற மாதிரி எச்சரிக்கை. ரத்தம் வர்ற இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்தணும், அடிக்கடி எடுத்துப் பார்க்கக் கூடாது. மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போயிடும். கழுத்தில் அடி இருக்கலாம் என்பதால் தூக்கி உட்கார வைக்கிறது, ஹெல்மெட்டைப் பிடுங்குறது இரண்டும் வேண்டாம்.

"கேஸ்ல மாட்டிக்குவோம்" என்ற பயம் பெரியவங்களுக்கே இருக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் 134அ என்று ஒரு பிரிவு சேர்த்திருக்காங்க, அதன் தலைப்பே நல்ல சமாரியரைப் பாதுகாப்பதுதான். நல்லெண்ணத்தில் உதவினவர் மேல் வழக்கு போட முடியாது. சட்டப் புத்தகத்திலேயே இயேசு சொன்ன உவமையின் பெயர் இருக்கு என்றால் எந்தப் பையனும் நிமிர்ந்து உட்காருவான். சத்திரக்காரனுக்குக் கொடுத்த இரண்டு பணத்துக்கு ஈடாக, 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அரசே பணம் கட்டுது, 2021 டிசம்பரிலிருந்து.

எலத்தகிரி, மறைக்கல்வி
புராட்டஸ்டண்ட், கத்தோலிக்கம் என்று இரண்டு சபைப் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்தால் மொழிபெயர்ப்பைக் கவனிங்க. உங்க வேதாகமத்தில் "ஆசாரியன்", "இரண்டு பணம்", "சத்திரம்". எங்க திருவிவிலியத்தில் "குரு", "இரு தெனாரியம்", "சாவடி". ஒருத்தர் வாசிக்க இன்னொருத்தர் பக்கத்தைத் தேடிக்கொண்டிருப்பார். தெனாரியம் ஒரு நாள் கூலி. ஓசூர் சிப்காட்டில் இரண்டு ஷிப்ட் சம்பளம் என்றால் பட்டென்று விளங்கும். இன்னொன்று, "குரு" பார்த்தும் பாராமல் போனார் என்று வாசிக்கும்போது எங்க பிள்ளைகள் பங்குச் சாமியாரை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரிப்பாங்க. நல்லதுதான். உவமை அவங்களைச் சீண்டத்தானே சொன்னது.

தியாகத்துக்கு 'டெர்மினேட்டர் 2' (1991) முடிவைப் பலர் எடுக்கிறாங்க. சிறுவனைக் காப்பாற்றின இயந்திர மனிதன் உருகிய இரும்புக்குள் இறங்குற காட்சி. இறக்குற பொத்தானை அழுத்துவது யார் என்று கேளுங்க. அந்த இயந்திரத்தால் தன்னைத் தானே அழித்துக்கொள்ள முடியாது, சிறுவனின் அம்மா சாரா அழுத்துகிறாள். யோவான் 10:18 அப்படியே தலைகீழ்: என் உயிரை யாரும் பறிப்பதில்லை, நானாகவே கொடுக்கிறேன் என்கிறார். அதே காட்சியில் நீ ஏன் அழுகிறாய் என்று இப்போது புரிகிறது, ஆனால் என்னால் அழ முடியாது என்கிற மாதிரி இயந்திரம் பேசும். அதோடு காட்சியை நிறுத்திட்டு யோவான் 11:35 வாசிங்க. லாசரின் கல்லறைக்குப் போற வழியில் இயேசு அழுத வசனம். வேறு விளக்கமே தேவையில்லை. கட்டைவிரலைக் காட்டுற இடம் வரைக்கும் ஓட விட்டீங்கன்னா போச்சு, கூடம் முழுக்கக் கட்டைவிரல்தான்.

ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பிரச்சினையிலோ தேர்வு பயத்திலோ நொந்துபோன பிள்ளை வகுப்பில் இருந்தால் இந்தக் காட்சியே வேண்டாம். "நான் இல்லாமப் போனா எல்லாருக்கும் நல்லது" என்று தலைகீழாகப் புரிந்துகொள்ளும் ஆபத்து இதில் உண்டு.

பாலக்கோடு
பழிவாங்குற கதைதான் நம்ம ஊர்ப் படத்தில் முக்கால்வாசி, அதை விட்டுட்டு எங்கே போறது? எந்தப் படமாக இருந்தாலும், வில்லன் ஹீரோ கையில் சிக்கி, ஹீரோ ஓங்குற நொடியில் நிறுத்துங்க. அடி விழக் கூடாது. அங்கே 1 சாமுவேல் 24. தாவீது ஒளிந்திருக்கிற குகைக்குள், அவனைக் கொல்லத் தேடுற ராஜா சவுல் தனியாக வருகிறான், வெளியே சவுலுடைய 3000 பேர். தாவீதின் ஆட்களே "கர்த்தர் கொடுத்த நாள் இது" என்று ஏத்தி விடறாங்க. தியேட்டரில் விசில் அடிக்கிறவனும் அதைத்தான் செய்கிறான். தாவீது சவுலின் சால்வைத் தொங்கலை மட்டும் அறுக்கிறான், அதுக்கே மனசு அடிச்சுக்குது.

தயாராகப் போங்க, யாராவது ஒருத்தன் கேட்டே தீருவான்: "அப்போ கோலியாத் தலையை மட்டும் ஏன் வெட்டினான்?" அது இரண்டு சேனை நடுவில் நடந்த போர், இது தனிப் பகை என்று பிரித்துச் சொல்லலாம். அடுத்த அதிகாரத்திலேயே, தன்னை அவமதித்த நாபால் மேல் 400 பேரோடு பட்டயம் கட்டிக்கொண்டு கிளம்புறதும் இதே தாவீதுதான். நாபாலின் மனைவி அபிகாயில் வந்து தடுக்கலேன்னா வெட்டியிருப்பான். பழியை விடுறது ஒரு தடவை ஜெயித்து முடிக்கிற காரியம் இல்லை என்பதுக்கு 24ஐயும் 25ஐயும் சேர்த்து வாசிக்கணும்.

ஓசூர், புரொஜக்டர் பார்ப்பவர்
ஓடிடி ஆப்பை போனில் திறந்து புரொஜக்டரில் மாட்டினால் சத்தம் மட்டும் வரும், திரை கறுப்பாக இருக்கும். கேபிள் கோளாறு இல்லை, நகல் எடுக்காமல் இருக்கப் போட்ட பூட்டு. அந்தக் கணக்கும் வீட்டு உபயோகத்துக்குத்தான். அதனால் முந்தின வாரமே படத்தின் பெயரைச் சொல்லி வீட்டில் பார்த்துட்டு வரச் சொல்லுங்க, வகுப்பில் காட்சியை வாயால் சொல்லுங்க. நன்றாகச் சொல்றவர் இருந்தால் அதுதான் எடுபடும். தணிக்கைச் சான்றையும் பாருங்க, யுஏ இப்போது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிஞ்சிருக்கு. 'ஹாக்சா ரிட்ஜ்' மாதிரிப் படத்தைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம், ரத்தம் தாங்காது. கதை மட்டும் போதும்: துப்பாக்கி தொடாத மருத்துவ வீரர் டெஸ்மண்ட் டாஸ், 1945, ஒகினாவா, செங்குத்துப் பாறை மேலிருந்து கயிற்றில் ஒவ்வொருத்தராக இறக்கினார். 75 பேர் என்பது பேசி வைத்த எண். அவர் 50 என்றார், மற்றவர்கள் 100 என்றார்கள்.

பென்னாகரம்
படமே இல்லாமல் ஆரம்பிக்கவும் நம்ம மாவட்டத்தில் வழி இருக்கு. நடுகல். மாடு மீட்கப் போய்ச் செத்த வீரனுக்கு நட்ட கல், கையில் வில், உடம்பில் அம்பு. தர்மபுரி அரசு அருங்காட்சியகத்தில் வரிசையாக இருக்கு. சண்டைப் பட ஹீரோவுக்கு இவன்தான் பாட்டன். கல் முன்னாலேயே யோவான் 10:11 வாசிங்க, ஆட்டுக்காக உயிரைக் கொடுக்கிற மேய்ப்பன். அப்புறம் 17, 18: கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்கிற இடம். கல்லில் அது கிடையாது.

தர்மபுரி, ஞாயிறு பள்ளி
அருமை அண்ணா. அருங்காட்சியகம் சரி, ஊருக்குள் இருக்கிற கல் என்றால் முன்கூட்டியே பெரியவங்களைக் கேட்டுட்டுப் போங்க. பல இடத்தில் வேடியப்பன் சாமியாகக் கும்பிடுறாங்க. செருப்பைக் கழற்றணும், ஒப்பிட்டுப் பேசுற பேச்சை அங்கே பேசக் கூடாது, வகுப்புக்குத் திரும்பி வந்துதான்.