டிடாலிக் தவளைக் கதையைப் பொம்மை + நடனமாகச் செய்வது எப்படி?

தென்றல்_மெல்பர்ன்:
வணக்கம். 5–8 வயதுப் பிள்ளைகளுக்கு 20 நிமிட நிகழ்ச்சி. ஊர்த் தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு, மற்ற விலங்குகள் சிரிக்க வைத்ததும் அதைக் கொட்டிவிடும் டிடாலிக் என்ற தவளையின் கதையை எடுக்க ஆசை. தவளை பொம்மையாக, மற்ற விலங்குகள் நடனமாக. யாரிடம் அனுமதி கேட்பது? வயிறு வீங்குவதை எப்படிக் காட்டுவது? விசிறி வைத்து ஊதலாமா?

கூத்தரங்கம்:
பொம்மைக்கு முன் அனுமதி. இது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், கிப்ஸ்லாந்து பகுதியின் பூர்வகுடிகளான குனாய்குர்னாய் மக்களின் கதையாக அறியப்படுவது. பல புத்தகங்களில் வந்துவிட்டதால் யாரும் எடுக்கலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். புத்தகம் எழுதியவரின் பதிப்புரிமை வேறு, கதைக்குரிய சமூகத்தின் உரிமை வேறு. ஆஸ்திரேலியாவின் 1968ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இரண்டாவதைச் சரிவரக் காப்பதில்லை, ஆகவே கேட்பது நம் கடமை.

அம்மக்களின் அமைப்பான குனாய்குர்னாய் நில நீர்க் கழகத்துக்கு எழுதுங்கள். யார் பார்ப்பார்கள், கட்டணம் உண்டா, கதையில் எதை மாற்றுகிறீர்கள், காணொளி எடுப்பீர்களா என்று எல்லாம் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் காணொளியில்தான் சிக்கல் வரும்: மேடைக்குக் கிடைத்த சம்மதம் இணையத்துக்குப் பொருந்தாது. ஆலோசனை சொல்லும் மூத்தவருக்கு ஊதியம் ஒதுக்குங்கள். பதில் வராவிட்டால் அதைச் சம்மதமாக எடுக்க வேண்டாம்.

பாவைப்பட்டறை:
விசிறி வேண்டாம். இரைச்சல் வசனத்தை விழுங்கும், காற்று இறங்கவும் நேரமாகும். சிரிப்பு வந்த நொடியில் தண்ணீர் கொட்டியாக வேண்டுமே!

மூன்று பிரம்பு வளையங்களை மெல்லிய நைலான் துணியில், துருத்தி மடிப்பாகத் தைத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து குச்சியால் தள்ளினால் வயிறு விரியும், கயிற்றை இழுத்தால் சுருங்கும். தலைக்கு 10 மி.மீ. பஞ்சு நுரைத்தாள் போதும். தொடுபசையை (contact adhesive) ஒட்டவேண்டிய இரு பக்கமும் பூசி, கையில் ஒட்டாத அளவு உலர்ந்தபின் சேர்க்க வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் ஒத்திகையிலேயே பிரியும். மொத்த எடை 2 கிலோவுக்குள் இருக்கட்டும். கை சோர்ந்தால் முதலில் தொங்குவது தலை, பார்வை தரைக்குப் போனதும் பொம்மைக்கு உயிர் போய்விடும்.

வெள்ளத்துக்கு 6 மீட்டர் மெல்லிய நீலப் பட்டுத்துணி. சாட்டின் துணி கனமானது, அலை எழாது. துணிமேல் யாரும் கால் வைக்கக்கூடாது, வழுக்கும்.

அடவு:
பூர்வகுடிச் சடங்கு நடனங்களைக் காணொளியில் பார்த்து நகலெடுக்காதீர்கள், உடலில் வண்ணக்கோலமும் இடாதீர்கள். அவை குறிப்பிட்ட குலங்களுக்குரியவை. கங்காரு எப்படி நின்று காது திருப்புகிறது, விலாங்கு எப்படி வளைகிறது என்று விலங்கைப் பார்த்தே அசைவை உருவாக்குங்கள். டிஜிரிடூ என்ற நீண்ட மரக்குழல் இசையும் வேண்டாம், அது வட ஆஸ்திரேலியாவின் கருவி. தென்கிழக்கில் தாளக்குச்சிகளே இயல்பு.

கதையின் உச்சம், உடலை முடிச்சாக வளைத்து ஆடித் தவளையைச் சிரிக்க வைக்கும் விலாங்கின் நடனம். 3 மீட்டர் துணிக்குழாயில் 30 செ.மீ.க்கு ஒரு வளையம். நெருங்கினால் முடிச்சு விழாது, விலகினால் துணி தொய்யும். அதுவரை தவளை அசையாமல் இருக்கட்டும். எல்லாரும் ஆடும்போது அதுவும் ஆடினால் பிள்ளைகளின் கண் எங்கே போவதென்று தெரியாது.

ஆஸ்திரேலியப் பூர்வகுடிக் கலைஞர்களின் பங்காரா நடனக் குழு சிறுவருக்கென முதலில் படைத்த ‘வாரு’ ஒரு குட்டி ஆமையின் பயணம். ஆஸ்திரேலியாவின் வடக்கிலுள்ள டோரஸ் நீரிணைத் தீவுகளின் கலைஞர்களே அதன் படைப்பில் இருந்தார்கள். முடிந்தால் நீங்களும் ஒரு குனாய்குர்னாய்க் கலைஞரை ஒத்திகைக்கு முன்பே, கதையமைக்கும் கட்டத்திலேயே அழையுங்கள்.

தென்றல்_மெல்பர்ன்:
மிக்க நன்றி. முதலில் கடிதம், பிறகுதான் பிரம்பு.