சட்டபீட விண்ணப்பத்தில் உங்கள் வாழ்க்கையிலிருந்து எதை எழுதினீர்கள்?

ஸ்காபரோ, ஆர்டிக்லிங் செய்துகொண்டிருப்பவர்:

இப்போது ஆர்டிக்லிங் செய்கிறேன், அதாவது சட்டப் படிப்பு முடித்தவர்கள் சட்டத்தரணியாவதற்கு முன் செய்கிற பயிற்சி வேலை. முதல் தடவை ஒன்ராறியோவில் ஐந்து சட்டபீடங்களுக்கு விண்ணப்பித்தேன். ஐந்தும் இல்லை என்று பதில் அனுப்பின. ஜிபிஏ, அதாவது பல்கலைக்கழக மதிப்பெண் சராசரி, 4க்கு 3.5. சட்டபீட நுழைவுப் பரீட்சையான எல்சாட்டில் 153. அந்த எண்களோடு இடம் கிடைப்பது கடினம்தான். ஆனால் அன்று விண்ணப்பத்தோடு என்னைப் பற்றி எழுதிய கட்டுரையை, அந்தப் பெர்சனல் ஸ்டேட்மென்டை, இப்போது எடுத்து வாசித்தால், எண்கள் கூடுதலாக இருந்திருந்தாலும் அது எனக்கு உதவியிருக்காது என்றுதான் தோன்றுகிறது. பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் சங்கச் செயலாளர், பரதநாட்டிய அரங்கேற்றம், உணவு வங்கியில் தொண்டு, மாதிரி ஐ.நா. சபை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பந்தி. நான் என்ன செய்தேன் என்பதை எங்குமே எழுதவில்லை, என்னவாக இருந்தேன் என்று மட்டும் எழுதியிருந்தேன்.

எழுதாமல் விட்டதைச் சொல்கிறேன். எனக்கு 14 வயதாக இருந்தபோது ஒரு வீட்டின் பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தோம். ஒருநாள் பின்னேரம் வீட்டுக்காரர் வந்து ஒரு படிவத்தை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. வெளியேறச் சொல்லி அரசாங்கம் அனுப்பிய உத்தரவு என்று நினைத்து, அன்றிரவே சட்டி பானைகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கிவிட்டார். நான் அந்தப் படிவத்தை வரிவரியாக வாசித்தேன். அது என்12. வீட்டுக்காரருக்குச் சொந்தப் பாவனைக்கு வீடு தேவை என்று சொல்கிற அறிவித்தல். 60 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். நாங்கள் போக மறுத்தால் அவர் வாடகைத் தகராறுகளை விசாரிக்கிற சபைக்குப் போக வேண்டும். சபை கட்டளை போட்டால்தான் வெளியேற்ற முடியும், அதையும் கட்டளைகளை நிறைவேற்றுகிற அதிகாரியான ஷெரிஃப்தான் நிறைவேற்றலாம், வீட்டுக்காரர் பூட்டை மாற்ற முடியாது. இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்த எனக்கு இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அடுக்கிய பெட்டியை அம்மா திரும்ப அவிழ்த்தார்.

இதையெல்லாம் விண்ணப்பத்தில் போடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டுக்கு வருகிற கடிதத்தை வாசித்துச் சொல்வது எங்கள் பிள்ளைகள் எல்லாரும் செய்வதுதானே?

அந்த ஐந்து பதில்களுக்குப் பிறகு ஓர் ஆண்டு ஒரு சட்ட உதவிக் கிளினிக்கில் தமிழ் மொழிபெயர்ப்புத் தொண்டராக இருந்தேன். இரண்டாவது கிழமையே அதே என்12 படிவத்தோடு ஒரு அம்மா வந்தார். அவரும் பெட்டி கட்டிவிட்டுத்தான் வந்திருந்தார். ஒரு மாத வாடகையை வீட்டுக்காரர் நட்டஈடாகக் கொடுக்க வேண்டும் என்ற விதி அதற்குள் வந்திருந்தது. அதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. அன்று வீட்டுக்கு வந்து எழுதியதுதான் என் இரண்டாவது கட்டுரை. 14 வயதில் வாசித்த படிவம், 22 வயதில் வாசித்த படிவம், இடையில் நான் கற்றுக்கொண்டவை. அரங்கேற்றம் அதில் இல்லை.

விண்ட்சரில் இடம் கிடைத்தது. அங்கே எல்சாட்டையும் மதிப்பெண்களையும் மட்டும் பார்ப்பதில்லை. வேலை அனுபவம், சமூக ஈடுபாடு, சொந்தச் சாதனைகள், தொழில் நோக்கம், சொந்தச் சூழ்நிலை ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பதாக வெளிப்படையாகவே சொல்கிறார்கள். ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: இரண்டாவது தடவை என் எல்சாட் 159. அந்த ஆறு புள்ளிகள் இல்லாமல் கட்டுரை மட்டும் என்னை உள்ளே கொண்டுபோயிருக்கும் என்று நான் நம்பவில்லை.

மற்றவர்கள் எதை எழுதினீர்கள், எதை விட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

மார்க்கம், 36 வயதில் சட்டபீடம் போனவர்:

தங்கச்சி எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். என் கதையும் ஏறக்குறைய இதுதான், வயதுதான் வேறு.

நான் ஒன்பது ஆண்டு கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இரவு வேலை. மனைவியும் வேலை, இரண்டு பிள்ளைகள். பகுதி நேரமாகப் படித்துப் பட்டம் முடித்தேன். விண்ணப்பத்தில் அந்த ஒன்பது ஆண்டுகளையும் ஒரே வரியில் போட்டிருந்தேன்: 'தொழிற்சாலைத் தொழிலாளி'. எனக்குத் தெரிந்த ஒரு சட்டத்தரணி அண்ணா அதை வாசித்துவிட்டுப் பேனையைக் கீழே வைத்தார். "தம்பி, இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரைக்கும் அங்கே என்ன செய்தீர்கள், அதைச் சொல்லுங்கள்" என்றார்.

சொன்னேன். ஒன்ராறியோவில் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் தொழிலாளரும் நிர்வாகமும் சேர்ந்த பாதுகாப்புக் குழு ஒன்று இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் ஷிஃப்டில் ஒருவரும் முன்வராததால் நான் அதில் தொழிலாளர் பிரதிநிதியாக நான்கு ஆண்டு இருந்தேன். ஒருநாள் அழுத்தும் இயந்திரத்தில் ஒருவருக்கு விரல் நசுங்கியது. மேற்பார்வையாளர் அவரை ஒரு கிழமை லீவு போட்டுவிட்டு வரச் சொன்னார், அறிக்கை வேண்டாம் என்றார். நான் அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், வேலையிடத்தில் காயப்பட்டவர்களுக்கு நட்டஈடு கொடுக்கிற சபையான டபிள்யூஎஸ்ஐபியின் ஆறாம் இலக்கப் படிவத்தை அவரோடு இருந்து நிரப்பினேன். அது தொழிலாளி தானே கொடுக்கிற அறிக்கை. நிர்வாகம் கொடுக்க வேண்டியது ஏழாம் இலக்கப் படிவம். அவர்கள் கொடுக்காவிட்டாலும் தொழிலாளி ஆறு மாதத்துக்குள் கோரலாம். இது பரவியதும் மற்ற ஷிஃப்டுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பதினொரு பேருக்கு நிரப்பிக் கொடுத்தேன்.

அண்ணா கேட்டுக்கொண்டே இருந்தார். "இதைத்தானே சட்டபீடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள்" என்றார்.

முதிர்ந்த மாணவர் பிரிவு பல இடங்களில் இருக்கிறது. படிப்புக்கு வெளியே குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவம் என்று சில இடங்களில் கேட்பார்கள். அதில் விண்ணப்பித்தேன். காத்திருப்புப் பட்டியலில் போட்டார்கள். ஏப்ரல் போய், மே போய், ஜூலை இரண்டாம் கிழமைதான் அழைப்பு வந்தது. அந்த மூன்று மாதம் வீட்டில் ஒருவரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

என்னைப் போன்ற வயதில் இருப்பவர்களுக்கு ஒன்று: பரிந்துரைக் கடிதத்துக்குப் பத்தாண்டுக்கு முன்னால் படிப்பித்த பேராசிரியரைத் தேடி அலையாதீர்கள். வேலையிடத்து ஆளின் கடிதத்தை ஏற்கிற சட்டபீடங்கள் உண்டு. எனக்குத் தொழிற்சங்கப் பிரதிநிதி எழுதிக் கொடுத்தார்.

பிராம்ப்டன், மூன்றாம் ஆண்டு மாணவி:

இதைச் சொல்வது எனக்குக் கொஞ்சம் கஷ்டம். ஆனால் எங்கள் பிள்ளைகள் நிறையப் பேர் இதே தவறைச் செய்வார்கள் என்பதால் எழுதுகிறேன்.

என் முதல் கட்டுரை முழுவதும் அப்பாவின் கதை. 1983 ஜூலையில் கொழும்பில் பெரியப்பாவின் கடையை எரித்தது, அப்பா கப்பலில் யாழ்ப்பாணம் போனது, பிறகு கனடா வந்தது. எழுதும்போது அழுதேன். வாசித்த நண்பிகளும் அழுதார்கள். விண்ணப்பித்த எந்த இடமும் எடுக்கவில்லை. என் மதிப்பெண்கள் மோசமில்லை. அதனால்தான் என் பல்கலைக்கழக ஆலோசகரிடம் போய்க் கேட்டேன். அவர் வாசித்து முடித்துவிட்டு, "இதில் உன் அப்பாவை நான் சந்தித்தேன். நீ எங்கே?" என்றார்.

கோபம்தான் வந்தது. இவ்வளவு இழப்பைச் சொல்லியும் போதாதா என்று நினைத்தேன். கோபம் ஆறக் கிழமைகள் எடுத்தன. பிறகுதான் யோசித்தேன்: அந்த இழப்பு அப்பாவுடையது. நான் அதை இரவல் வாங்கியிருந்தேன்.

எனக்கென்று இருந்தது 2009 மே 10. அன்னையர் தினம், ஞாயிற்றுக்கிழமை. இலங்கையில் நடந்த போரை நிறுத்தச் சொல்லி, ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி மறித்த நாள். எனக்கு 9 வயது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தாரில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் ஒரு வகுப்பில் அமைதியான ஒன்றுகூடும் உரிமை பற்றிப் பேச்சு வந்தபோது, ஒரு மாணவன் அந்த மறியலைச் சொல்லி, சாலையில் போன அம்புலன்ஸை யோசித்தீர்களா என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். அவர் எழுந்து போய்விட்டார். பிறகு பல மாதங்களாக நாங்கள் இருவரும் அதைப் பற்றி வாதாடினோம். கனடாவின் 1982 உரிமைச் சாசனத்தில் அந்த உரிமையைச் சொல்கிற 2(சி) பிரிவு என்ன சொல்கிறது, எங்கே அதற்கு எல்லை வருகிறது என்று நான் தேடித் தேடி வாசித்தது அந்த வாதத்துக்காகத்தான். அப்பாவின் பக்கத்தில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன், என் பக்கத்தில் பாதியை அவர் ஏற்றுக்கொண்டார். இரண்டாவது கட்டுரை அதுதான். 1983 அதில் ஒரே ஒரு வரி.

போரை எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே நேரில் இருந்தவர்கள் தாராளமாக எழுதலாம், எழுதவும் வேண்டும். என்னைப் போல இங்கே பிறந்தவர்கள் ஒருமுறை யோசித்துவிட்டு எழுதுங்கள்.

ரொறன்ரோ, இரண்டாம் ஆண்டு மாணவர்:

மேலே எழுதியவர்கள் மூவர்மேலும் எனக்கு மிகுந்த மரியாதை. ஆனாலும் மறுபக்கமும் தெரிய வேண்டும். என் ஜிபிஏ 3.9, எல்சாட் 170. சனிக்கிழமைகளில் கணக்கு ட்யூஷன் கொடுத்ததைத் தவிர எனக்கு வேறு ஒரு செயற்பாடும் கிடையாது. சங்கம் இல்லை, தொண்டு இல்லை. கேட்ட இடத்தில் கிடைத்தது. எல்சாட் 120இலிருந்து 180 வரைக்கும் போகிற பரீட்சை, அதில் மேலே இருந்தால் மற்றவை பின்னால் போய்விடுகின்றன. இது நியாயமா என்று கேட்டால், தெரியாத ஒருவருக்கு ஆறாம் இலக்கப் படிவம் நிரப்பிக் கொடுத்த அண்ணாவின் பெயர் பட்டியலில் எனக்கு முன்னால் இருந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்வேன்.

என் தம்பிக்கு நான் சொன்னது: நாலு சங்கத்தில் பெயர் கொடுக்கிற நேரத்தில் எல்சாட்டுக்குப் படி. 2024 ஆகஸ்டிலிருந்து அந்தப் பரீட்சையில் லாஜிக் கேம்ஸ் என்ற தர்க்கப் புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டார்கள், அதனால் பழைய புத்தகங்களை வைத்துப் படிப்பவர்கள் கவனமாக இருங்கள்.

சென்னையில் சட்டம் படித்து ரொறன்ரோ வந்தவர்:

எங்கள் ஊரில் இந்தக் கேள்வியே வராது. ஐந்தாண்டுப் படிப்புக்கு பிளஸ் டூ மதிப்பெண் கட்-ஆஃப், தேசியச் சட்டப் பள்ளி வேண்டுமென்றால் கிளாட் என்ற நுழைவுத் தேர்வின் ரேங்க். இரண்டு மணி நேரம், இப்போது 120 கேள்வி. நீங்கள் யார், வீட்டில் என்ன செய்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. அப்புறம் இங்கே வந்து, வெளிநாட்டுச் சட்டப் படிப்பை மதிப்பிடுகிற என்சிஏ குழுவின் மதிப்பீட்டுக்குப் போட்டபோதும் சட்டப் படிப்பின் சான்றிதழ்களையும் மதிப்பெண்களையும்தான் பார்த்தார்கள், எழுத வேண்டிய பாடங்களைச் சொன்னார்கள். கல்லூரியில் நான் என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) முகாம்களுக்குப் போனதை முதன்முதலில் கேட்டது ஆர்டிக்லிங் நேர்முகத்தில்தான். ரெஸ்யூமேயின் கடைசி வரியில் இருந்ததைப் பிடித்துக்கொண்டு, ஒரு கிராமத்தில் பட்டா மாறுதல் மனு எழுதிக் கொடுத்ததைப் பற்றி இருபது நிமிடம் பேசினோம். வேலை கிடைத்தது.

ஏஜாக்ஸ், ஒரு தாய்:

பிள்ளைகளே, நான் சட்டம் படித்தவள் இல்லை. மகள் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள், இந்த முறை விண்ணப்பிக்கப் போகிறாள். நீங்கள் எழுதியதை அவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். என் அம்மாவுக்கு, அதாவது அவளுடைய அம்மம்மாவுக்கு, இரண்டு ஆண்டாக டயாலிசிஸ். கிழமையில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணித்தியாலம். எனக்கும் இவருக்கும் பகல் வேலை என்பதால் மகள்தான் கூட்டிப் போவாள். அங்கேயே இருந்து படிப்பாள். நேர்ஸ்மார் சொல்வதை அம்மம்மாவுக்குத் தமிழில் சொல்லுவாள். அதை எழுதினாயா என்று கேட்டேன். "அது எக்ஸ்ட்ரா கரிக்குலர் இல்லையே அம்மா" என்றாள். இதை எந்த இடத்தில் போடுவது? இரண்டாம் ஆண்டில் அவளுக்கு மதிப்பெண்ணும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

ஸ்காபரோ, ஆர்டிக்லிங் செய்துகொண்டிருப்பவர்:

அன்ரி, அதைக் கட்டாயம் போடச் சொல்லுங்கள். ஒன்ராறியோ சட்டபீடங்களுக்கான பொது விண்ணப்பமான ஓல்சாஸில் பல்கலைக்கழகம் தொடங்கியதிலிருந்து செய்தவற்றைப் பட்டியலிட ஒரு பகுதி இருக்கிறது. தொண்டு என்று பெயர் மாற்றாமல், குடும்பப் பொறுப்பு என்று நேராகவே எழுதட்டும். தொடங்கிய மாதம், கிழமைக்கு எத்தனை மணித்தியாலம். போய்வருகிற நேரத்தையும் சேர்த்தால் 15 மணித்தியாலத்துக்கு மேல் வரும். அது ஒரு பகுதி நேர வேலைக்குச் சமம்.

இறங்கிய மதிப்பெண்ணுக்குக் காரணம் சொல்லச் சில சட்டபீடங்கள் தனி இடம் கொடுக்கின்றன. அங்கே சுருக்கமாக, மன்னிப்புக் கேட்கிற தொனி இல்லாமல் எழுதினால் போதும். மருத்துவமனையிலிருந்து ஒரு கடிதம் வாங்கி வையுங்கள், கேட்டால் கொடுக்கலாம்.

கட்டுரைக்கு ஒன்று மட்டும். 'அம்மம்மாவைக் கவனித்தேன்' என்று எழுதினால் வாசிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. பொட்டாசியம் கூடியிருக்கிறது, வாழைப்பழமும் இளநீரும் கூடாது என்று நேர்ஸ் சொன்னபோது, வாழ்நாள் முழுவதும் அதையெல்லாம் சாப்பிட்டு வந்த ஒரு மனிசியிடம் அவள் எந்தச் சொற்களில் சொன்னாள்? அம்மம்மா திரும்ப என்ன கேட்டா? அதை எழுதட்டும். எழுதுவதற்கு முன்னால் அம்மம்மாவிடம் சொல்லிச் சம்மதம் வாங்கட்டும், அவருடைய வருத்தம் பற்றியது என்பதால்.

முடித்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், நான் வாசிக்கிறேன். என்னுடைய ஆண்டில் முடிவுத் திகதி நவம்பர் 1. அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னாலாவது வந்தால் நல்லது.