உள்ளூர் விடுமுறை அன்று பொதுத்தேர்வு இருந்தால்?

கேள்வி: நாகப்பட்டினத்தில் நாகூர் கந்தூரிக்கும் குமரியில் கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் ஆட்சியர் விடுமுறை விடுகிறார். அன்று பொதுத்தேர்வு வந்தால் தள்ளிப்போகுமா?

பதில் 1: தள்ளிப்போகாது சார். உள்ளூர் விடுமுறை பொதுத்தேர்வைத் தொடாது. உத்தரவின் கடைசி வரி வரை படியுங்கள். ஈடுசெய்யும் வேலைநாளும் அதிலேயே இருக்கும், பெரும்பாலும் ஒரு சனிக்கிழமை. கற்பிக்கும் நாள் குறையக் கூடாது என்பதற்குத்தான் அது. அந்தத் தேதியைப் பிள்ளைகளின் டைரியில் உடனே எழுத வையுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சனிக்கிழமை பாதி வகுப்பு காலி!

பதில் 2: உள்ளூர் விடுமுறை, வங்கி விடுமுறைக்கு அடிப்படையான 1881 செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது. வங்கி திறந்திருக்கும், கருவூலம் குறைந்த ஆட்களோடு இயங்கும்.

பதில் 3: கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் போன்ற நாள்களுக்குப் பள்ளி உண்டு. அன்று ஆசிரியர் வரையறுக்கப்பட்ட விடுப்பு (அரசுப் பட்டியலில் உள்ள பண்டிகை நாள்களில் விருப்பப்படி எடுப்பது) எடுக்கலாம், ஆண்டுக்கு 3 நாள். பிள்ளைகளுக்கு அது இல்லை.