மேக்கை விட்டு, நாமே அசெம்பிள் செய்த கணினிக்கு மாறலாமா?

தூரிகை:
பத்து ஆண்டுகளாக மேக்ஓஎஸ்ஸில்தான் வேலை செய்கிறேன். வீடியோ எடிட்டிங் என் தொழில். அடுத்த கணினியைப் பாகம் பாகமாக வாங்கி நானே அசெம்பிள் செய்து, அதில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக்கொள்வது என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். ஆப்பிள் சிலிக்கான் (ஆப்பிள் தானே வடிவமைத்த சிப்) கணினிகளில் ரேம் என்னும் நினைவகம், பிராசசரோடு ஒரே தொகுப்பாக அமைந்திருப்பதால், வாங்கும் நாளில் 16 ஜிபி என்று எடுத்தால் கடைசி நாள் வரை அது 16 ஜிபிதான். மூன்று ஆண்டு கழித்து என் வேலை எவ்வளவு கேட்கும் என்பதை இன்றைக்கே கணித்துப் பணம் கட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. தவறாக யோசிக்கிறேன் என்றால் சொல்லுங்கள்.

கல்தூண்:
நீங்கள் குறையாகச் சொல்லும் அந்த அமைப்புதான் அந்தக் கணினியின் பலமும் என்பதை மறந்துவிட வேண்டாம். 2020 நவம்பரில் அந்த வரிசையின் முதல் மேக் சிப்பான எம்1 வந்தபோது, மின்விசிறியே இல்லாத மடிக்கணினியில் 4கே வீடியோவைத் தடங்கலின்றி எடிட் செய்ய முடிந்ததற்கு, பிராசசரும் கிராபிக்ஸும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வது ஒரு முக்கியக் காரணம். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியிலோ, தரவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரமும் வெப்பமும் அதற்கேற்பக் கூடும்.

அதைவிடப் பெரிய கேள்வி மென்பொருள். ஆப்பிளின் எடிட்டிங் மென்பொருளான ஃபைனல் கட் புரோ லினக்ஸிலும் இல்லை, விண்டோஸிலும் இல்லை. அடோபியின் பிரீமியரும் ஃபோட்டோஷாப்பும் லினக்ஸுக்கு வரவே இல்லை. பெட்டியை அசெம்பிள் செய்வது ஒரு பிற்பகல் வேலை. பத்து ஆண்டுப் பழக்கத்தை மாற்றுவது அப்படியல்ல.

திருப்புளி:
அந்த ஒரு பிற்பகலைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, ஏனெனில் இதுவரை நான்கு கணினிகளை அசெம்பிள் செய்திருக்கிறேன். முதல் முறை டிடிஆர்5 ரேம் (டிடிஆர்4க்கு அடுத்த தலைமுறை) பொருத்தி ஆன் செய்தபோது, விசிறிகள் சுற்றின, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. ஏதோ எரிந்துவிட்டது என்று பதறி மூன்று முறை அணைத்து அணைத்துப் போட்டேன். உண்மையில் மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் பொருந்தும் முதன்மைப் பலகை) அந்த ரேமுக்கான நேரக் கணக்குகளைச் சோதித்துச் சரிசெய்துகொண்டிருந்தது. முதல் முறை அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும், பொறுத்திருக்க வேண்டும். இரண்டு ரேம்களை நான்கு இடங்களில் எங்கே செருகுவது என்பதையும் போர்டின் கையேட்டில் பார்த்துச் செய்யுங்கள். பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதுமாக இருக்கும்.

நண்பர் கல்தூண் சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு. பிராசசர் நிறுவனமான ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் (போர்டில் பிராசசர் அமரும் இடம்) 2016இல் வந்தது. 2022இல் வெளிவந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசசரை, பயாஸை (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) மட்டும் புதுப்பித்துவிட்டு, அந்தச் சாக்கெட் உள்ள என் பழைய போர்டிலேயே பொருத்தினேன். பெட்டி, பவர் சப்ளை, ரேம், எஸ்எஸ்டி எதையும் தொடவில்லை. தூரிகை தேடுவது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

கல்தூண்:
ஏஎம்4 ஒரு நல்வாய்ப்பு. அதைப் பொதுவிதியாகச் சொல்வது சரியல்ல. இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட் 2021இல் வந்தது, 2024இல் எல்ஜிஏ1851 அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. டிடிஆர்4 ரேம் டிடிஆர்5 போர்டில் செருகவே செருகாது. ஆகவே ‘ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்’ என்று தொடங்குவது, பல வேளைகளில் பிராசசர், போர்டு, ரேம் மூன்றையும் சேர்த்து மாற்றுவதில் போய் நிற்கிறது.

நானும் ஒருமுறை அசெம்பிள் செய்தவன்தான். எடிட் செய்துகொண்டிருக்கும்போதே கணினி திடீர் திடீரென்று நின்றுபோகும். கிராபிக்ஸ் டிரைவர் என்று நினைத்தேன், பிறகு பவர் சப்ளை என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து, இரவு முழுவதும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை ஓடவிட்டபோதுதான் ஒரு ரேம் பழுது என்று தெரிந்தது. ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி உண்டு. எந்தப் பாகம் பழுது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு மட்டும் முழுவதும் நம்முடையது. ஒரு வாடிக்கையாளருக்குச் சொன்ன தேதியில் வேலையைக் கொடுக்க முடியாமல் போனதை நான் இன்னும் மறக்கவில்லை.

திருப்புளி:
அந்த இழப்பை நான் சிறிதாக்கிப் பேசவில்லை. ஆனாலும் பழுதான ரேமைக் கழற்றிவிட்டு மீதி ஒன்றோடு அன்றைக்கே வேலையைத் தொடர்ந்திருப்பீர்கள் அல்லவா? பிராசசரோடு ஒட்டிய ரேம் பழுதானால் கணினியையே சர்வீசுக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கல்தூண்:
தொடர்ந்தேன், உண்மைதான். அதற்கு முந்தைய இரண்டு வாரங்களை யார் திருப்பித் தருவார்?

தூரிகை:
இருவருக்கும் நன்றி. அசெம்பிள் செய்யும் எண்ணத்தை நான் கைவிடவில்லை. வேலைகளின் வரிசையை மாற்றிக்கொள்கிறேன். பாகங்களை வாங்குவதற்கு முன், டாவின்சி ரிசால்வ் என்னும் எடிட்டிங் மென்பொருளை இப்போதுள்ள மேக்கிலேயே நிறுவி, அடுத்த இரண்டு வேலைகளை அதில் முடிக்கப் போகிறேன். அது லினக்ஸிலும் ஓடும் என்பதால், பழக்கம் மாறும் சிரமத்தையும் இயங்குதளம் மாறும் சிரமத்தையும் ஒரே வாரத்தில் சுமக்க வேண்டியிருக்காது. பழைய ஃபைனல் கட் திட்டங்களை வேறு எடிட்டிங் மென்பொருளும் படிக்கக்கூடிய எக்ஸ்எம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து ரிசால்வில் திறந்து பார்த்தேன்: வெட்டுகள் அப்படியே வந்தன, தலைப்புகளும் எஃபெக்ட்களும் ஒழுங்காக வரவில்லை. அவற்றை முழு வீடியோவாகவும் எடுத்து வைக்க வேண்டும்.

திருப்புளி:
நல்ல வரிசை. கோப்புகளை, மேக்கும் லினக்ஸும் படிக்கக்கூடிய எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த வட்டில் நகலெடுத்து வையுங்கள். ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த வட்டை லினக்ஸ் தானாகப் படிக்காது, எக்ஸ்ஃபேட்டை அதன் மையப் பகுதியான கெர்னலின் 5.4ஆம் பதிப்பிலிருந்து நேரடியாகவே படிக்கிறது. மேக்கின் காப்பு வசதியான டைம் மெஷின் எடுத்த பிரதியை மட்டும் நம்பி மேக்கை விற்றுவிடாதீர்கள்.

கல்தூண்:
விற்கவே வேண்டாம் என்பேன். புதிய கணினியில் ஒரு முழு வேலை, தொடக்கம் முதல் வாடிக்கையாளர் கைக்குப் போகும் வரை, முடியட்டும். அதுவரை மேக் மேசையிலேயே இருக்கட்டும்.