புதுப்பிப்பு: ஹம்ப்டா கணவாய்க்கு இருவர் டெண்ட், எடுத்தது எது?

இமாச்சலில் உள்ள ஹம்ப்டா கணவாய்க்கு நானும் மனைவியும் முதுகில் சுமந்துபோக லேசான டெண்ட் எது என்று முன்பு கேட்டிருந்தேன். கடைசியில் நேச்சர்ஹைக் கிளவுட் அப் 2, டர்ஸ்டன் எக்ஸ்-மிட் 2 என்ற இரண்டில் வந்து நின்றது. எக்ஸ்-மிட் எடுத்தோம், போய்விட்டும் வந்தாயிற்று.

எடை மட்டும் காரணமில்லை. நடைக்கோல்கள் எப்படியும் கையில் இருக்கும். அவையே இதற்குத் தூண். அதைவிடப் பெரிய விஷயம், வெளித்துணியை முதலில் நிறுத்தி, அதற்கடியில் உள்கூடாரத்தை மாட்டலாம். மணாலிப் பக்கம் கொட்டும் மழையில் உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. பாலியஸ்டர் துணி என்பதால், நைலான்போல நனைந்து தொய்யவும் இல்லை. ஆளுக்கொரு வாசல் இருப்பது எவ்வளவு நிம்மதி என்பது நள்ளிரவில்தான் புரியும்!

குறையும் உண்டு. இது தானாக நிற்காது, முளைகளை நம்பித்தான் நிற்கும். வழியில் தங்கும் ஷியா கோரு முகாமின் ஆற்றங்கரைக் கற்களில் முளை இறங்கவில்லை. கயிறுகளைப் பாறைகளில் சுற்றிக் கட்டினோம். கல்தரையிலேயே தங்குபவர்கள் முளையில்லாமல் தானாக நிற்பதையே எடுங்கள்.

வாங்கும்முன் தரை அகலத்தை அவசியம் பாருங்கள். டெண்டுக்குள் விரிக்கும் சாதாரண மெத்தையின் அகலம் 51 செ.மீ., இரண்டுக்கு 102 போதும். 64 செ.மீ. அகல மெத்தை இரண்டு என்றால் 128 வேண்டும். ‘இருவர்’ டெண்ட் பலவற்றில் அது அடங்காது.