டெஸ்டில் 92%, வீட்டில் யார் பேசினாலும் ‘கோபம்’: எங்கே தப்பு?

கேள்வி:
கடைசி வருட ப்ராஜெக்ட், பேச்சிலிருந்து உணர்ச்சியைக் கண்டுபிடிப்பது. நடிகர்கள் உணர்ச்சிகளை நடித்துப் பேசிய ராவ்டெஸ் என்ற ஒலித்தொகுப்பின் 1440 பேச்சுக் கோப்புகளை இரைச்சல் சேர்த்து, சுருதி மாற்றி மூன்று மடங்காக்கி, லிப்ரோசா என்ற பைதான் ஒலி நூலகத்தில் 40 எம்எஃப்சிசி (குரலின் தன்மையைச் சொல்லும் எண்கள்) எடுத்து, ட்ரெயினிங்குக்கு 80%, டெஸ்டுக்கு 20% என்று குலுக்கிப் பிரித்து ஒரு சின்ன சிஎன்என்னில் (ஒரு வகை நியூரல் நெட்வொர்க்) விட்டேன். 92% வந்தது. ஆனால் அம்மா "சாப்பிட வா" என்றதை ஃபோனில் பதிந்து கொடுத்தால் கோபமாம். நான் முணுமுணுத்தாலும் கோபம். திங்கட்கிழமை ரிவியூ, யாராவது பாருங்களேன்.

பதில் 1:
முதலில் அந்த 92-ஐ மறந்துவிடுங்கள். ராவ்டெஸ்ஸில் இருப்பதே 24 நடிகர்கள், ஆளுக்கு 60 கோப்பு, எல்லோரும் பேசுவது அதே இரண்டு ஆங்கில வாக்கியம். பிரிக்கும் முன்பே நகல் எடுத்திருக்கிறீர்கள், அதனால் ஒரே பதிவின் ஒரு நகல் ட்ரெயினிங்கிலும் இன்னொன்று டெஸ்டிலும் உட்கார்ந்திருக்கும், வினாத்தாளை முன்கூட்டியே கொடுத்த மாதிரிதான். கோப்புப் பெயரின் கடைசி எண் நடிகருடையது. 1 முதல் 20 வரை ட்ரெயினிங், மீதி நாலு பேர் டெஸ்ட். நகலெல்லாம் ட்ரெயினிங்குக்கு மட்டும்.

கேட்டவர்:
மாற்றினேன். 51%. அழுகை வருகிறது. அம்மா இன்னும் கோபம்தான்.

பதில் 2:
எட்டு உணர்ச்சி வகையில் 51 மோசமில்லை, கண்ணை மூடிக்கொண்டு ஒரே பதிலைச் சொன்னால் 13 சொச்சம்தான் கிடைக்கும். கோபமும் மகிழ்ச்சியும் குழம்பும், இரண்டிலும் சுருதியும் சத்தமும் ஏறுவதால். ஆனால் யார் பேசினாலும் ஒரே பதில் என்றால் அது மாடலின் குறை மாதிரித் தெரியவில்லை. புதுக் கோப்பைச் சோதிக்கும் கோடில் ஸ்கேலருக்கு (எண்களை ஒரே அளவுக்குள் கொண்டுவரும் பகுதி) என்ன எழுதியிருக்கிறீர்கள்?

கேட்டவர்:
ஃபிட்_ட்ரான்ஸ்ஃபார்ம்.

பதில் 2:
அதேதான்! ஃபிட் என்றால் சராசரியைக் கணக்கிடுவது, ட்ரான்ஸ்ஃபார்ம் என்றால் அதைக் கழித்து எண்களை மாற்றுவது. ஒரே ஒரு கோப்பை வைத்து ஃபிட் செய்தால் அதன் சராசரி அதுவேதான், கழித்தால் நாற்பதும் பூஜ்யம். யார் குரலாக இருந்தாலும் மாடலுக்குப் போவது அந்தப் பூஜ்யங்கள்தான். ட்ரெயினிங்கில் ஃபிட் செய்த ஸ்கேலரைச் சேமித்து, இங்கே ட்ரான்ஸ்ஃபார்ம் மட்டும் போடுங்கள். அப்புறம் சாம்ப்ளிங் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள் என்பது, இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். லிப்ரோசா தானாக 22,050-க்கு மாற்றிக்கொள்ளும், வேறு எதிலாவது படித்தால் மாறாது.

கேட்டவர்:
ஸ்கேலர்தான்! இப்போது பதில்கள் மாறுகின்றன. அம்மாவுக்கு ‘அருவருப்பு’ வருகிறது, முன்னேற்றமா இது?

பதில் 1:
வட அமெரிக்க ஆங்கிலத்தில் ஸ்டூடியோவில் நடித்துக்காட்டியதைக் கேட்டு வளர்ந்த மாடல், தமிழ்ச் சமையலறையில் திணறத்தான் செய்யும். ரிவியூவில் 51-ஐயே சொல்லுங்கள், எப்படிப் பிரித்தீர்கள் என்பதையும் சேர்த்து. அம்மாவின் ஆடியோவை மட்டும் போட்டுக்காட்ட வேண்டாம்.