ரொக்கேயாவின் கதையைச் சொன்னேன், வகுப்பே ஒரு பிள்ளையைத் திரும்பிப் பார்த்தது

வெண்கட்டி:

அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பாடம் கிடையாது, கதைதான். அதற்காகவே அன்று யாரும் லீவு போட மாட்டார்கள்.

போன வாரம் வங்காள எழுத்தாளர் ரொக்கேயா சகாவத் ஹுசைனின் ‘அபரோத்பாசினி’ என்ற புத்தகத்திலிருந்து (1931) ஒரு சம்பவத்தைச் சொன்னேன். பீகாரில் கியூல் ஸ்டேஷனில் ரயில் மாறும்போது, பர்தா அணிந்த ஒரு பெண்மணி துணி தடுக்கித் தண்டவாளத்தில் விழுந்துவிடுகிறார். கூட இருந்தது வேலைக்காரி மட்டும்தான். தூக்க ஓடிவந்த போர்ட்டர்களை, அம்மாவைத் தொடக் கூடாது என்று அவள் தடுக்கிறாள். தனியாகத் தூக்கவும் அவளுக்குத் தெம்பில்லை. அரை மணி நேரம் பார்த்துவிட்டு ரயில் கிளம்பிவிடுகிறது.

வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. கதை உள்ளே இறங்கிவிட்டது என்று எனக்கு உள்ளூரப் பெருமை. அப்போது பின் பெஞ்சிலிருந்து ஒருவன், “இவங்க ஆளுங்க இப்பவும் அப்படித்தானே மிஸ்” என்றான். நாற்பது தலையும் ஒரே பக்கம் திரும்பின. வகுப்பில் முஸ்லிம் பெண் ஒருத்திதான். அவள் பேனா மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தாள். மணி அடித்துவிட்டது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பெண்ணுக்காகப் பேசப்போய் ஒரு பெண்ணையே கூண்டில் நிறுத்திவிட்டேன். வரும் வெள்ளிக்கிழமை என்ன செய்யலாம்?

பென்சில்சீவி:

போர்ஷன் முடிந்துவிட்டதா டீச்சர்? மதம் தொட்ட கதை எதற்கு? நாளைக்கு யாராவது பெற்றோர் வந்து நின்றால் தலைமையாசிரியர் உங்களைத்தான் கைகாட்டுவார். அனுபவத்தில் சொல்கிறேன்.

புதுக்கோட்டை வாத்தியார்:

பயப்படாதீர்கள் அம்மா. மருந்து அதே புத்தகத்திலேயே இருக்கிறது. அதில் மொத்தம் 47 சம்பவங்கள். எல்லாமே முஸ்லிம் வீட்டுக் கதைகள் இல்லை. ஓர் இந்து மருமகள் மாமியாரோடும் கணவனோடும் கங்கையில் குளிக்கப் போகிறாள். கூட்டத்தில் யாரோ ஓர் ஆள் பின்னாலேயே போய்விடுகிறாள். போலீஸ்காரர் பிடித்து விசாரித்தால், எப்போதும் முக்காடு போட்டிருந்ததால் புருஷன் முகத்தைச் சரியாகப் பார்த்ததே இல்லை என்கிறாள். அவர் மஞ்சள் கரை வேட்டி கட்டியிருந்தார், இவரும் மஞ்சள் கரை வேட்டி, அதனால் பின்னாலேயே வந்துவிட்டாளாம்! இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். பையன்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அதோடு விடாமல் எங்கள் ஊருக்கு வாருங்கள். மகாராஜா கல்லூரியில் முத்துலட்சுமி ரெட்டியைச் சேர்த்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று ஊரே எதிர்த்தது. தாயார் தேவதாசி மரபில் வந்தவர் என்பது வேறு. மகாராஜா அனுமதி கொடுத்த பிறகும், வகுப்பில் நடுவே திரை. அந்தத் திரையைக் கட்டியவர்கள் எந்த மதம் என்று பின் பெஞ்சுக்காரனிடம் கேளுங்கள். அந்த முத்துலட்சுமிதான் 1912இல் டாக்டராக வெளியே வந்தார்.

மேலப்பாளையத்துக்காரி:

டீச்சர், நானும் ஒரு காலத்தில் அந்தப் பேனா மூடியைத் திருகியவள்தான். மூன்று விஷயம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

“நீ என்ன நினைக்கிறாய்?” என்று அவளை எழுப்பிவிடாதீர்கள். பதினாறு வயதில் ஒரு சமுதாயத்துக்கே வக்கீலாக நிற்பது கொடுமை. பாவம் பார்த்துக் கொஞ்சிப் பேசவும் வேண்டாம், அது அதைவிடக் கொடுமை.

அடுத்தது, அந்தக் கதையை எழுதியதும் ஒரு முஸ்லிம் பெண்தான் என்பதை நீங்கள் அழுத்திச் சொன்னீர்களா? 1909இல் பாகல்பூரில் ஐந்து பிள்ளைகளோடு பள்ளி தொடங்கினார். 1911இல் கல்கத்தாவில் எட்டுப் பேரோடு மறுபடி முதலிலிருந்து. பிள்ளைகளை ஏற்றிவர பஸ் விட்டார், பர்தாவுக்காக எல்லாப் பக்கமும் அடைத்த பஸ். உள்ளே புழுங்கிப் பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள், மயங்கி விழுந்தார்கள். சரி என்று ஜன்னலைத் திறந்து திரை போட்டால், திரை காற்றில் பறக்கிறது, பத்திரிகையில் எழுதுவோம் என்று மிரட்டல் கடிதங்கள். நடுவில் அவர் என்ன செய்வார்? எனக்கு ரயில் கதையைவிட இந்த பஸ் கதைதான் பெரிது. அதில் பரிதாபம் மட்டும் இல்லை, சண்டை போடுகிற ஆள் இருக்கிறார்.

மூன்றாவது, நம் பக்கத்து ஆள். நாகூர் சித்தி ஜுனைதா பேகம், 1938இல் ‘காதலா கடமையா’ நாவல். பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்புதான். முன்னுரை கொடுத்தவர் உ.வே.சா. எங்கள் பாடப் புத்தகத்தில் ஜுனைதாவின் பெயரை நான் பார்த்ததே இல்லை.

வெண்கட்டி:

இருவருக்கும் நன்றி. நேற்று மஞ்சள் கரை வேட்டியில்தான் ஆரம்பித்தேன். வகுப்பே சிரித்தது. பின் பெஞ்சுக்காரனே எழுந்து, “எங்க அப்பத்தா இன்னும் தாத்தா பேரைச் சொல்லாது மிஸ். ரேஷன் கடையில கேட்டா என்னைத்தான் சொல்லச் சொல்லும்” என்றான். அதற்குள் இன்னொருத்தி, அவள் அம்மா மாதத்தில் மூன்று நாள் திண்ணையில் படுப்பதைச் சொன்னாள். அப்புறம் என்னை யாரும் பேசவே விடவில்லை. முத்துலட்சுமியின் திரைக்கு வரும்போது ஐந்து நிமிடம்தான் மிச்சம். பஸ் அடுத்த வாரம்.

போன வாரம் நான் வாய் மூடி நின்றது தப்பு என்று வகுப்பில் பொதுவாகச் சொன்னேன், அவள் பக்கம் பார்க்காமல். உண்மையைச் சொன்னால், ஒரு தடவை பார்த்துவிட்டேன். பேனா பெஞ்சில் கிடந்தது.

சித்தி ஜுனைதா நாவல் யாரிடமாவது இருக்கிறதா? எங்கள் ஊர் நூலகத்தில் இல்லை.